துள்ளாத பெருவிரல்

சாலை, திருவனந்தபுரம்
3 ஜூன் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

செல்வி எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீங்களும் நீலாம்பாள் சித்தியும் தங்கை சுமியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சுமியை நான் பார்த்ததில்லை. ஐந்து வயதாகிறது என்று கேள்விப்பட்டேன்.

ஒன்பது வருடம் கழித்து எழுதுகிறேன். இன்று பள்ளிக்கூடம் திறந்தது. நான் பிளஸ் டூ வந்துவிட்டேன். அம்மா இப்போதும் சாலைக் கடைத்தெருவில் அதே துணிக்கடையில்தான் இருக்கிறாள். "எழுதி என்ன கிட்டப்போவுது செல்வி, வேணும்னா போன்ல விளிச்சுப் பேசு" என்றாள். போனில் பேசியதைப் பிறகு ஆளுக்கொரு விதமாகச் சொல்லலாம். எழுதியது எழுதியபடி இருக்கும். இதை நான் தெரிந்துகொண்டது உங்களிடமிருந்துதான். பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்புகிறேன்.

போன புதன்கிழமை, மே 29, என் கால்களுக்கு நரம்புப் பரிசோதனை செய்தார்கள். சின்ன வயதிலேயே இழுபடத் தொடங்கிய கால்தான், இரண்டு வருடமாக மாடிப்படியில் அடிக்கடி விழுகிறேன். பரிசோதனை இப்படித்தான்: பாதத்தில் ஒரு சின்னத் தகட்டை ஒட்டிவிட்டு, கணுக்காலில் இரண்டு முனையுள்ள கருவியை வைத்து லேசாகக் கரண்டு கொடுக்கிறார்கள். நரம்பு சரியாக இருந்தால் பெருவிரல் துள்ளும், கம்ப்யூட்டரில் ஓர் அலை எழும்பும். பிறகு முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்து இன்னொரு முறை. நடுவில் உள்ள தூரத்தை இஞ்ச் டேப்பால் அளந்து, நேர வித்தியாசத்தால் வகுத்தால் நரம்பின் வேகம் வந்துவிடும்.

பரிசோதனை செய்த அஸ்வதி சேச்சி கரண்டைக் கூட்டிக்கொண்டே போனார். "இப்போ அறியுந்நுண்டோ மோளே?" என்று, கரண்டு படுவது தெரிகிறதா என்று, நாலு தடவை கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பெருவிரல் அசையவே இல்லை. காலில் அலை இல்லை. கையில் வேகம் விநாடிக்கு இருபத்தோரு மீட்டர். குறைந்தது ஐம்பது இருக்க வேண்டுமாம்.

இது பரம்பரையாக வரக்கூடியது என்று டாக்டர் ஸ்ரீலட்சுமி சொன்னார். நரம்புக்கு மேலே இருக்கிற உறை கெட்டுப்போவது. உங்கள் எலக்ட்ரிக் வேலை பாஷையில் இன்சுலேஷன். அன்றைக்கே அம்மாவையும் படுக்கவைத்துப் பார்த்தார்கள். எனக்குக் கொடுத்ததில் கால்வாசிக் கரண்டுக்கே அம்மாவின் பெருவிரல் துள்ளியது. அம்மாவின் கை ஐம்பத்தாறு. அம்மா நம்பவில்லை. "ஒருக்கா கூடி பாருங்க மேடம். எனக்கு இல்லாம எப்படி?" என்றாள். இரண்டாம் முறையும் ஐம்பத்தாறுதான்.

அருமைநாயகம் மாமாவின் காலைப் பற்றியும் டாக்டர் விசாரித்தார். இரண்டு வயதில் காய்ச்சல் வந்து ஒரு கால் மட்டும் சூம்பிப்போனது போலியோ. அது பரம்பரை வழியாக வராது. எனக்கு இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

2015 ஆவணியில் நம் தெருச் சமுதாயக் கூடத்தில் தெருத் தலைவர் தளவாய் மாமா முன்னிலையில் ஒரு முத்திரைத்தாள் எழுதினீர்கள். "பெண்ணின் தம்பிக்குள்ள கால் நோயை மறைத்துக் கட்டிக்கொடுத்தபடியால் பிள்ளைக்கும் அதே நோய் வந்திருக்கிறது, ஆகவே பிரிந்துகொள்ளச் சம்மதம்." நீங்கள் அதை நின்றுகொண்டு உரக்க வாசித்தீர்கள். அம்மா, பிரேமா என்று கையெழுத்துப் போட்டாள். மூன்றாம் வகுப்பில் படித்த நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம்.

உங்களையும் பார்த்தால்தான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். என்னிடமே புதிதாகத் தொடங்கியிருக்கவும் கூடுமாம். புதன்கிழமைகளில்தான் பார்ப்பார்கள். ஒரு புதன்கிழமை வாருங்கள் அப்பா.

அன்புடன்,
இசக்கிசெல்வி


கோட்டாறு
14-6-2024

அன்பு மகள் செல்விக்கு அப்பா லிங்கம் எழுதிக்கொண்டது. உன் கடிதம் கிடைத்தது. படித்துச் சந்தோஷப்பட்டேன் என்று எழுதத்தான் ஆசை. ஒன்பது வருஷம் கழித்து வந்த முதல் கடுதாசியே வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருந்தால் மனுஷன் என்ன செய்ய?

பழசை எல்லாம் கிளறாதே மக்களே. அன்றைக்குப் பெரியவர்கள் கூடி ஒரு முடிவு எடுத்தார்கள். உனக்குக் காலில் இன்னும் சுகமில்லை என்று கேட்க வருத்தம்தான். நல்ல டாக்டராகப் பார்.

என்னைப் பரிசோதிக்கவேண்டிய அவசியம் இல்லை. எனக்கு நாற்பத்தாறு வயது. ஒரு நாள் தலைவலி என்று படுத்தவன் இல்லை. கோயில் கொடைக்குச் சீரியல் லைட் செட் போடும்போது நனைந்த தரையில் வெறுங்காலோடு நின்று வேலை பார்ப்பேன். கடையில் வேலை பார்க்கிற ஷிபுவும் பிரவின்ராஜும் ஷாக்கடித்து அலறுகிற இடத்தில் எனக்கு எறும்பு ஊர்ந்த மாதிரிகூட இருக்காது. இருபத்தைந்து வருஷமாக இப்படித்தான். ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கேள். இது என்ன நரம்பு என்று உன் டாக்டர் அம்மாவிடமே கேட்டுச் சொல்.

நன்றாகப் படி. உன் அம்மாவை விசாரித்ததாகச் சொல்லு.

இப்படிக்கு
அப்பா


சாலை, திருவனந்தபுரம்
20 ஜூன் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே டாக்டரிடம் கேட்டேன். உங்கள் கடிதத்தின் மூன்றாவது பத்தியை மலையாளத்தில் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, "வெறுங்காலில் நிற்கவேண்டாம் என்று அச்சனுக்கு உடனே எழுது" என்றார். உறை கெட்ட நரம்பைத் தூண்ட அதிகக் கரண்டு வேண்டியிருக்கும், காலில் உணர்ச்சியும் குறைந்திருக்கும். ஷாக் உங்களுக்குத் தெரியாமல் இருக்கிறதே தவிர, உடம்புக்குள் போகாமல் இல்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் செத்துப்போனால் என் பரிசோதனை பாதியில் நின்றுவிடும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு மெக்கர் ஞாபகம் வந்தது. கைப்பிடியைச் சுற்றி வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கிற அந்தக் கறுப்புப் பெட்டி. எனக்கு ஆறு வயது. கொடைக்கு லைட் போட்டு முடித்த மத்தியானம், பந்தலுக்குள் உங்கள் ஆட்கள் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவர் காலிலும் வயரைக் கட்டி விளையாடினார்கள். கைப்பிடியைச் சுற்றியதும் எல்லோரும் துள்ளி விழுந்தார்கள். நீங்கள் மட்டும் வாயிலிருந்து பீடியைக்கூட எடுக்காமல் இருந்தீர்கள். அப்புறம் என் பெருவிரலில் வயரைச் சுற்றினீர்கள். எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. "பாத்தியளாலே, எனக்க ரத்தமாக்கும்" என்று என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பந்தலைச் சுற்றி வந்தீர்கள். அன்று நான் பட்ட பெருமையை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

இரண்டே வருடத்தில் அதே கால் இழுபட்டபோது, நான் அம்மாவின் ரத்தம் ஆகிவிட்டேன்.

அம்மா ஒன்பது வருடமாக என்ன செய்கிறாள் என்று உங்களுக்குத் தெரியாது. கடையிலிருந்து வந்து முகம் கழுவியதும் என் காலை மடியில் எடுத்து வைத்து எண்ணெய் தேய்ப்பாள். தேய்த்துக்கொண்டே, "எனக்க தம்பிக்கு உள்ளதை உனக்குக் குடுத்துட்டேனே மோளே" என்பாள். ஒரு நாள் விடாமல் சொல்லியிருக்கிறாள். ஐம்பத்தாறு என்று அச்சடித்த தாளைக் காட்டியும் சொல்கிறாள். நீங்கள் வாசித்த அந்த வாக்கியம் அவளுக்குள் இருக்கிறது. அதை எடுக்க எனக்கு உங்கள் கால் வேண்டும்.

நீங்கள் எப்போதும் பின்பட்டை வைத்த செருப்புத்தான் போடுவீர்கள். சாதாரணச் செருப்பு காலில் நிற்காது. உங்கள் விரல்கள் மடங்கியிருக்கும். என்னுடையவையும் அப்படித்தான் ஆகிவருகின்றன.

ஜூலை 10 புதன்கிழமை. வராவிட்டால் உங்கள் கடிதத்தையும் இந்தக் கடிதத்தின் நகலையும் தளவாய் மாமாவுக்கும், உங்கள் வீட்டு முகவரிக்கும் அனுப்புவேன்.

அன்புடன்,
இசக்கிசெல்வி


கோட்டாறு
28-6-2024

செல்விக்கு,

இனிமேல் கடைக்குக் கடுதாசி அனுப்பாதே. அட்டையில் கையெழுத்துப் போட்டு வாங்கியது பிரவின்ராஜ். "அண்ணாச்சிக்கு லவ் லெட்டரா" என்று சிரிக்கிறான். வீட்டுக்கு அனுப்பவே அனுப்பாதே.

10ஆம் தேதி வருகிறேன். நீ என் பிள்ளை, உன் நிம்மதிக்காக வருகிறேன். எனக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தபிறகு இந்தப் பேச்சு இதோடு முடிய வேண்டும். உன் அம்மா அங்கே நிற்க வேண்டாம்.

தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் நில். எனக்கு அங்கே வழி தெரியாது.

அப்பா


சாலை, திருவனந்தபுரம்
13 ஜூலை 2024

அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடி கடைக்கு அனுப்பவில்லை. பஸ் ஸ்டாண்டில் பேசிக்கொண்டபடி, கோட்டாறு தபால் நிலையத்தில் நீங்களே போய் வாங்கும்படி முகவரி எழுதியிருக்கிறேன். புதன்கிழமை நடந்தது உங்களுக்கும் தெரியும். ஊருக்குப் போய் வேறுவிதமாகச் சொல்ல ஆசை வரலாம் என்பதால் எழுதி வைக்கிறேன்.

நாகர்கோவில் பஸ்ஸிலிருந்து கம்பியைப் பிடித்து, இடது காலைக் கையால் தூக்கி வைத்துத்தான் இறங்கினீர்கள். நான் பார்த்துவிட்டதைக் கண்டதும், "கால் மரத்துப்போச்சு, பஸ்ஸுல இடமே இல்ல" என்றீர்கள். பஸ்ஸில் பாதி சீட் காலி.

ஆஸ்பத்திரியில் ஷூவைக் கழற்றினீர்கள். உள்ளே முன்பக்கம் பஞ்சு வெட்டி அடைத்திருந்தது. அஸ்வதி சேச்சி என் காலைப் பார்த்தார், உங்கள் காலைப் பார்த்தார். உங்கள் பாதத்தை வெந்நீர்ப் பையால் சூடாக்கினார். நரம்பு குளிர்ந்திருந்தால் வேகம் குறைவாகக் காட்டுமாம்.

முதலில் காலில் பார்த்தார். கூட்டினார். "அறியுந்நுண்டோ?" "இல்ல." இன்னும் கூட்டினார். "இப்போ?" "இல்லம்மா, சும்மா போடுங்க, நமக்குக் கரண்டு பழக்கம்." கடைசி அளவு வரைக்கும் போயிற்று. திரையில் ஒரு நேர்கோடு. அப்போதுதான் உங்கள் முகம் மாறியது.

"ஏசி ரூமுல்லா, காலு குளிர்ந்துபோச்சு" என்றீர்கள். சேச்சி வெப்பமானியைக் காட்டினார். முப்பத்து மூன்று. "அப்பம் மெஷினுக்கு எர்த்து சரியில்ல" என்று எழுந்து, வயர் ஒட்டிய காலோடு பிளக் பாயின்ட்டைக் குனிந்து பார்த்தீர்கள். வெளியே காத்திருந்தவர்கள் கதவு வழியாக எட்டிப்பார்த்தார்கள். அஸ்வதி சேச்சிக்குக் கோபம் வரவில்லை. தகட்டைத் தன் கையில் ஒட்டி, தன் மணிக்கட்டில் தானே கரண்டு வைத்தார். அவர் கட்டைவிரல் துள்ளியது. அலை எழும்பியது. "எர்த் நல்லா உண்டு சேட்டா" என்றார்.

அதன்பிறகு நீங்களே வந்து படுத்து, கையை நீட்டினீர்கள். உங்கள் கையில் வேகம் பத்தொன்பது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை. ஒன்பது வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் படித்ததில்லை.

பஸ் ஸ்டாண்டில் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி நாலாக மடித்து மேல்பையில் வைத்துக்கொண்டீர்கள். "யாருக்கும் காட்டாதே மக்களே" என்றீர்கள். கேட்டதும் கொடுத்துவிட்டேனே என்று உங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நான் மூன்று நகல் வாங்கியிருந்தேன்.

ஆவணி முதல் ஞாயிறு, ஆகஸ்ட் 18, கொடைக் கணக்கு பேசத் தெருக்காரர்கள் சமுதாயக் கூடத்தில் கூடுவார்கள். அன்றைக்கு உட்கார்ந்திருந்தவர்கள் அநேகமாக எல்லோரும் இருப்பார்கள். நீங்கள் அதே இடத்தில் நின்று, அந்த முத்திரைத்தாளை ஒரு முறையும், உங்கள் ரிப்போர்ட்டை ஒரு முறையும் வாசிக்க வேண்டும். அம்மாவும் நானும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்போம். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். வாசித்தால் போதும்.

இசக்கிசெல்வி


கோட்டாறு
22-7-2024

என் அன்பு மகள் செல்விக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

உனக்கு எழுத்தில்தானே வேண்டும். எழுதுகிறேன். எனக்கு அப்போதே தெரியும். என் அப்பாவுக்கு நாற்பது வயதிலேயே கால் இழுபட்டது. பனையிலிருந்து விழுந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். அவர் பனையேறினதே கிடையாது. எனக்கும் கல்யாணத்துக்கு முன்னமே விரல் மடங்கத் தொடங்கியது. நீ நடக்கத் தொடங்கியபோது உன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மெக்கரை உன் விரலில் கட்டியபோது நீ துள்ள வேண்டும் என்று மனசுக்குள் வேண்டினேன். நீ துள்ளவில்லை. பயத்தை மறைக்கத்தான் உன்னைத் தோளில் தூக்கிச் சுற்றினேன். அருமைநாயகத்தின் கால் கண்ணுக்கு முன்னே இருந்தது. பழியை அங்கே வைத்துவிட்டேன். லைட் கட்டுகிறவனுக்குக் காலில் நோய் என்று தெரிந்தால் எவன் ஏணியில் ஏற விடுவான்? இப்போதும் ஏறுவது ஷிபுதான். நான் கீழே நின்று கத்துகிறேன்.

முத்திரைத்தாளை இதோடு வைத்திருக்கிறேன். நீ கிழி, எரி, உன் இஷ்டம். கூடத்தில் மட்டும் நிற்கச் சொல்லாதே. இந்தத் தெருவில் நான் தொழில் பண்ண வேண்டும்.

இன்னொன்று. சுமி இந்த மாதம் இரண்டு தடவை பள்ளிக்கூட வாசலில் விழுந்தாள். சும்மா விழுந்தாளா, அதுவா என்று தெரியவில்லை. நான் அவள் காலைப் பார்க்கிற பார்வையை நீலாம்பாள் கவனிக்கிறாள். முதல் அடையாளம் என்ன என்று உன் டாக்டரிடம் கேட்டு எனக்கு மட்டும் எழுது. நீலாம்பாளுக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் என்னை விட்டுவிட்டுப் போய்விடுவாள். கெஞ்சிக் கேட்கிறேன் மக்களே.

உன் அப்பா
லிங்கம்


சாலை, திருவனந்தபுரம்
10 ஆகஸ்ட் 2024

லிங்கம் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் புத்தகப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பயத்தை மறைக்கத் தோளில் தூக்கினேன் என்று எழுதிய இடத்தில் எனக்கு அழுகை வந்தது. அப்புறம் அடுத்த வரியைப் படித்தேன். அழுகை நின்றுவிட்டது. அந்த முத்திரைத்தாளைத் தெரிந்தே எழுதினீர்கள். தெரியாமல் எழுதினீர்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். என் கோபம் உங்களுக்குப் போதாமல் போயிருக்கிறது.

டாக்டரிடம் கேட்டேன். முதல் அடையாளத்தை எழுதினேன். ஆனால் நீலாம்பாள் சித்திக்கு எழுதினேன். வீட்டு முகவரிக்கு, பதிவுத் தபாலில். புதன்கிழமை எங்கே வர வேண்டும், எந்த பஸ், பிள்ளைக்குப் பயமில்லாமல் இருக்க என்ன சொல்ல வேண்டும் எல்லாம் எழுதினேன். உங்கள் ரிப்போர்ட்டின் ஒரு நகலும், அந்த முத்திரைத்தாளின் ஒரு நகலும் வைத்தேன். கடைசியில், "யார் எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள்" என்று எழுதினேன். நாலாம் நாள் ஒப்புகை அட்டை வந்தது. நீலாம்பாள் என்று சின்னச் சின்ன எழுத்தில் கையெழுத்து. அதை நோட்டுக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன்.

போன புதன்கிழமை சுமியைக் கூட்டிக்கொண்டு சித்தி வந்தார்கள். சுமிக்கு முன்பல் இரண்டு இல்லை. என்னை, "அக்கா, நீயும் விழுவியா?" என்று கேட்டாள். விழுவேன் என்றேன். "எத்தன தடவ?" என்றாள். எண்ணுவதில்லை என்றேன். என் மடியில்தான் உட்கார்த்திவைத்துப் பரிசோதித்தார்கள்.

மிகச் சின்ன அளவிலேயே அவள் பெருவிரல் துள்ளியது. அறை அதிர அலறினாள். அஸ்வதி சேச்சி சிரித்துவிட்டார். எனக்கு அந்த அலறல் அவ்வளவு பிடித்திருந்தது. இரண்டு காலிலும் அலை நன்றாக வந்தது. சுமிக்கு அது இல்லை. செருப்பு ஒரு அளவு பெரிதாக இருந்ததால் விழுந்திருக்கிறாள். டாக்டர் பார்த்ததும் கேட்டது செருப்பைத்தான்.

ஆகவே நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். உங்கள் மெக்கரைக் கட்டினால் அவள் துள்ளுவாள். எனக்க ரத்தம் என்று பந்தலைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போக உங்களுக்கு நான் ஒருத்திதான் இருக்கிறேன். நான் வரமாட்டேன்.

சித்தி வெளியே பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா கடையில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். இருவரும் முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டார்கள். சித்தி கேட்டது ஒன்றுதான்: "கையெழுத்துப் போடும்போ உங்களுக்கு ஒண்ணும் தோணலியாக்கா?" அம்மா, "பிள்ளைக்க காலைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். அப்புறம் சித்தி ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "பதினெட்டாம் தேதி நான் வாசிக்கேன்" என்றார்கள். நான் கேட்கவில்லை. அவர்களே சொன்னது. இப்போது விதுராவில் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறார்கள். இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். திரும்பி வருவார்களா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

அன்று மாலை அம்மா வழக்கம்போல எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். இரண்டு காலுக்கும் தேய்த்தாள். அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. பக்கத்துக் கடையில் தக்காளி அழுகி வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் முகத்தைப் புத்தகத்தால் மறைத்துக்கொண்டேன்.

முத்திரைத்தாளை நான் கிழிக்கவும் இல்லை, எரிக்கவும் இல்லை. அசலை இதோடு திருப்பி அனுப்புகிறேன். நீங்கள் எழுதியது, நீங்களே கொண்டுவர வேண்டும். நீங்கள் வந்து வாசித்தால் சித்தி வாசிக்க வேண்டியிராது. வராவிட்டால் சித்தி நகலை வைத்து வாசிப்பார்கள். இரண்டில் ஒன்று நடக்கும். இதற்குப் பதில் எழுத வேண்டாம். எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஆவணி முதல் ஞாயிறு, காலை பத்து மணி. கூடம் மாடியில் இருக்கிறது. மொத்தம் பதினெட்டுப் படி. கைப்பிடி இடது பக்கம் மட்டும்தான். ஏழாவது படி உயரம் அதிகம், போன தடவை நான் அங்கேதான் விழுந்தேன். மெதுவாக ஏறி வாருங்கள். தூக்கிவிட யாரும் வரமாட்டோம்.

பிரேமாவின் மகள்
இசக்கிசெல்வி